ஓடக்கூடாத நாய்

நான் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். ஒன்பது வருஷமாக ஒரே முதலாளி, ஒரே வண்டி, ஒரே பாதை. காலை ஆறு மணிக்குத் தட்டுகளை ஏற்றினால் பதினொன்றுக்குள் முப்பது கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டுக் காலித் தட்டுகளோடு திரும்பிவிடுவேன். முதலாளியை ஊரில் ரொட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெளியூரிலிருந்து கார் பிடித்து அவரைத் தேடி வருகிறவர்கள் யாரும் ரொட்டிக்காக வந்ததில்லை. கணைநாய்க்காக வருவார்கள்.

கணைநாயை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மொத்தமே இருநூறு சொச்சம்தான் மிச்சம் இருக்கிறது என்பார் முதலாளி. இடுப்பு உயரம். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். வயிறு உள்ளே போய் முதுகைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். நீண்ட ஒடுங்கிய முகம், சாம்பல் நிறமோ கோதுமை நிறமோ. முதல்முறை பார்க்கிறவர்கள் ஒருவர் தவறாமல் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இதுக்குச் சாப்பாடே போடறதில்லையா?

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மாவிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். "ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுது. எங்க வீட்டுக்காரர் மாதிரிதான், உடம்புல ஒட்டமாட்டேங்குது."

பேக்கரியின் பின்பக்கம் ஒரு நீளமான முற்றம். அடுப்பின் பின்சுவர் அந்த முற்றத்துப் பக்கம் இருக்கிறது. காலையிலிருந்து மத்தியானம்வரை அந்தச் சுவர் இளஞ்சூடாக இருக்கும். நாய்கள் நான்கும் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். தோல் மெல்லிசு, மயிர் குட்டை, கொழுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கொஞ்சம் குளிர்ந்தாலே நடுங்கும். வெறும் தரையில் படுத்தால் முழங்கை எலும்பு தோலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் மாவுச் சாக்கில் பழைய போர்வைகளைத் திணித்து மெத்தை தைத்துப் போட்டிருந்தார்கள். தைத்தது முதலாளியம்மா. திட்டிக்கொண்டே தைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

குணமும் தனி. குரைக்காது. திருடன் வந்தால் எழுந்து வழிவிடும் என்பார் முதலாளியம்மா. கூப்பிட்டால் உடனே வராது. யோசித்து, உனக்காக இல்லை, எனக்கே தோன்றியதால் வருகிறேன் என்பதுபோல வரும். உங்களைப் பார்க்கும், ஆனால் உங்கள் தோளுக்குப் பின்னால் அரை மைல் தள்ளி இருக்கிற எதையோ பார்ப்பதுபோலப் பார்க்கும். மோப்பம் அதற்கு இரண்டாம்பட்சம். கண்தான் எல்லாம். வெட்டவெளியில் ஏதாவது ஓடுவதைக் கண்டுவிட்டால் அதன் காது அடைத்துப்போகும். அப்புறம் நீங்கள் கத்தினாலும் கெஞ்சினாலும் அது உங்கள் நாய் இல்லை. அதன் ஓட்டத்தை நான் முதல்தடவை பார்த்தபோது வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு மேலே இருக்கும் கணம் ஒன்று வரும். அதைப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

இதன் பூர்வீகத்தை முதலாளி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். நானே இருநூறு தடவை கேட்டிருப்பேன். புல்வெளி வழியாகக் குதிரை ஓட்டிவந்த வியாபாரிகளோடு வந்ததாம். பகல் முழுக்கக் குதிரைக்கு ஈடாக நடந்து, முயலடித்து, அவர்களுக்கும் தனக்கும் சாப்பாடு தேடித்தந்த நாய். பிறகு ஆட்டுப்பட்டிக்காரர்கள் ஓநாய்க்காக வளர்த்தார்கள். பிறகு ஓநாய் போயிற்று, புல்வெளியில் செங்கல் சூளை வந்தது, வேட்டைக்குத் தடை வந்தது. வேலையில்லாத நாயை யார் வளர்ப்பார்கள். ஒரு வருஷம் கொள்ளைநோய் வேறு. கடைசியில் தேடிப்பிடித்தபோது பதினோரு நாய்கள் மிச்சம். முதலாளியின் அப்பாவும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் அந்தப் பதினொன்றைச் சேர்த்து வைத்துக் குட்டி எடுத்தார்கள். இன்று இருக்கிற அத்தனையும் அந்தப் பதினொன்றின் வாரிசு.

"எல்லாம் ஒரே குடும்பம்," என்று பெருமையாக முடிப்பார். அந்த வார்த்தைதான் பின்னால் அவர் தொண்டையில் சிக்கியது.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகன் அடுப்பு வேலை. வாய் திறந்தால் கொட்டாவிக்காகத்தான் இருக்கும். மருமகள் ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவில் வேலை பார்த்தாள். வருகிறவர்களைப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, காகிதத்தில் கோடு எடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு என்பாள். வந்த புதிதில் நாய்களைக் கண்டால் பயந்தாள். நாய்கள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனாலேயே பயம் போயிற்று. ஆறு மாதத்தில் காலைச் சாப்பாடு போடுவது அவள் பொறுப்பாகிவிட்டது. வேகவைத்த கறி, முட்டை, மேலே காய்ந்த ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துப் போட்டுப் பிசைந்து நான்கு தட்டில் வைப்பாள். வில்லு என்று ஒரு ஆண் நாய், இரண்டு வயசு, கோதுமை நிறம். அதுமட்டும் அவள் மடியில் தலையை வைத்துக்கொள்ளும். கணைநாய் ஒருவர் மடியில் தலை வைப்பது சாதாரண விஷயமில்லை.

ஒரு நாள் காலை நான் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வில்லுவின் முன்னங்காலுக்குப் பின்னால், விலாவில் கை வைத்தபடி. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம்.

"என்ன தங்கச்சி, வேலைக்கு நேரமாகலையா?"

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. எண்ணிட்டிருக்கேன்."

அன்று மாலையே வில்லுவை வண்டியில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனோம். முதலாளி வெளியூர் போயிருந்தார். போகும்போது கேட்டேன், நாய்க்கு நெஞ்சு எப்படி அடிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று.

"தெரியாதுண்ணே. அதான் புத்தகம் தேடிப் படிச்சேன். நாய்க்கு மூச்சு இழுக்கறப்ப வேகமா அடிக்கும், விடறப்ப மெதுவா அடிக்கும். அது இயல்புதான். இது அப்படி இல்ல. நடுவுல ஒண்ணு முந்திக்கிட்டு வருது. அப்புறம் ஒண்ணைக் காணோம். அப்புறம் சேர்ந்தாப்ல மூணு நாலு. எங்க வார்டுல இப்படிக் கோடு வந்தா நாங்க அவரை எழுந்திருக்கவே விடமாட்டோம்."

டாக்டர் கேட்டுப் பார்த்தார். மறுபடி கேட்டுப் பார்த்தார். கால்நடைக் கல்லூரியிலிருந்து துடிப்பைப் பதிகிற ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்து, வில்லுவின் நெஞ்சில் இரண்டு இடத்தில் மயிரை மழித்து வயர்களை ஒட்டி, மேலே துணிச்சட்டை போட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருக்கச் சொன்னார். அந்தச் சட்டையோடு வில்லு அவமானப்பட்டவனைப்போல மூலையில் நின்றது. மறுநாள் பெட்டியைக் கொடுத்தோம். அதற்கடுத்த நாள் டாக்டர் மருமகளைக் கூப்பிட்டுப் பேசினார். ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் மேல் தப்பான துடிப்பு. மருந்து இருக்கிறது, தினமும் கொடுக்கலாம். ஆனால் ஓடக் கூடாது. ஒரு ஓட்டத்தில் நெஞ்சு நின்றுவிடலாம். கூடவே ஒன்று கேட்டார்: இதோட பரம்பரையில திடீர்னு விழுந்து செத்தது ஏதாவது உண்டா?

அவர்கள் வீட்டில் ஒரு வம்சப் புத்தகம் உண்டு. தடித்த நோட்டு, பக்கமெல்லாம் மாவு விரல் பட்ட தடம். பதினோரு நாயில் ஆரம்பித்து, எது எதற்கு எந்த வருஷம் பிறந்தது, யாரிடம் போயிற்று, எப்போது எதனால் செத்தது என்று முதலாளியின் அப்பா கையெழுத்தும், பிறகு முதலாளி கையெழுத்தும். மருமகள் அதை இரண்டு நாள் வைத்துப் படித்தாள்.

முதலாளி திரும்பி வந்த மத்தியானம் நான் காலித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது. அவர் மாவுப் பலகையைத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் மகனிடம்கூட விடமாட்டார். மருமகள் புத்தகத்தை எடுத்துவந்து பலகையின் காய்ந்த ஓரத்தில் வைத்தாள். வில்லுவைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் கை நின்றது. பிறகு மறுபடி சுரண்டியது.

"ஒரு நாய்க்கு வர்றதுதான்மா. மனுஷனுக்கு வரலையா."

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இந்தப் புத்தகத்துல ஆறு நாய் ஓடறப்பவே செத்திருக்கு. எல்லாம் மூணு வயசுலேருந்து அஞ்சு வயசுக்குள்ள."

"ஓடற நாய் ஓடறப்பதான் சாகும். உட்கார்ந்துக்கிட்டா சாகும்?"

"ஒண்ணுக்கு வெயில்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுக்குப் பாம்பு, ஒண்ணுக்குக் குழியில விழுந்ததுன்னு. வெயில்னு எழுதின தேதியைப் பார்த்தேன் மாமா. அடைமழை மாசம்."

தகடு பலகையில் ஒரே இடத்தில் போய்வந்தது. அங்கே மாவு எதுவும் இல்லை.

"ஆறும் ஈட்டியோட வழி," என்றாள் மருமகள்.

ஈட்டி என்பது ஒரு நாயின் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அது கிழடாகிச் செத்தது. கடையில் ரொட்டி அலமாரிக்கு மேலே அதன் போட்டோ மாட்டியிருக்கும். முதலாளியின் கல்யாண போட்டோ அதைவிடச் சின்னது.

"எழுதறப்ப எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"எப்ப தெரிஞ்சது?"

"நாலாவதுக்கு."

கல்லாவிலிருந்து முதலாளியம்மா எப்போது எழுந்துவந்தார் என்று தெரியவில்லை. கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "நாலாவதா. அப்ப எட்டு வருஷம் ஆச்சு. அன்னிக்கு மூணு நாள் நீங்க சரியாவே சாப்பிடல. நான் என் சமையல்தான் பிடிக்கலையோன்னு அழுதேன்."

"உன் சமையலும்தான்," என்றார் முதலாளி. யாரும் சிரிக்கவில்லை. அவர் தகட்டைக் கீழே வைத்தார். "ஈட்டி கிழடாகித்தான் போனான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் பிள்ளைங்களுக்குத்தான். பதினொண்ணுல ஆரம்பிச்சது எங்கப்பா காலத்துல நாப்பதுல நின்னுபோச்சு. அதைத் தூக்கி நிறுத்தினது ஈட்டி. இன்னிக்குப் பாதி நாய் அவன் ரத்தம். அவன் நெஞ்சு சரியில்லைன்னு நான் சொன்னா, அந்தப் பாதியையும் சரியில்லைன்னு சொல்லணும். எப்படிச் சொல்றது? சொல்லலாம் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அப்புறம் சொல்ல முடியாத அளவுக்கு நாளாயிடுச்சு."

"அதுக்கப்புறம் இருபத்திமூணு குட்டி குடுத்திருக்கீங்க மாமா."

"எண்ணிட்டியா."

"எண்ணினேன்."

மருமகள்தான் மறுபடி ஆரம்பித்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் கோபத்தால் பதில் சொல்லியிருப்பார். அது இல்லாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தினமும் யாராவது வர்றாங்க. எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்லைன்னுதான் முதல்ல சொல்வாங்க. குடைஞ்சு கேட்டா, அப்பா தூங்கறப்பவே போயிட்டாரு, சித்தப்பா பஸ்ல உட்கார்ந்தபடியே போயிட்டாருன்னு வரும். ஒருத்தரும் மறைக்கணும்னு மறைக்கல மாமா. சொல்லியிருந்தா அந்த வீட்டுப் பையன் மாத்திரை போட்டுக்கிட்டு உயிரோட இருப்பான். அவ்வளவுதான்."

முதலாளி எழுந்து முற்றத்துக்குப் போனார். வில்லு சுவரோரம் படுத்திருந்தது. அவர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விலாவில் கையை வைத்தார். அவருக்குத் துடிப்பை எண்ணத் தெரியாது. ஆனால் கையை எடுக்கவில்லை.

அந்த வாரம் சாம்பி என்கிற பெண் நாயைக் கறிக்கடைக்காரருடைய ஆண் நாயோடு சேர்ப்பதாக ஏற்பாடு. கறிக்கடைக்காரர் முதலாளிக்குச் சின்ன வயசுச் சிநேகிதர். அவருடைய நாயும் ஈட்டியின் பேரன்தான். மறுநாள் அவர் வந்தார். கடைக்குள் வராமல் என் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள்.

"சேர்க்க வேண்டாம்," என்றார் முதலாளி. காரணத்தையும் சொன்னார்.

கறிக்கடைக்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "இத்தனை நாள் இந்த நெஞ்சோடதானே ஓடுச்சுங்க. எத்தனை செத்துச்சு? ஆறு. மீதி ஓடுதுல்ல?"

"ஆறுதான்னு எனக்குத் தெரிஞ்சது. தெரியாதது எத்தனையோ."

"நாய் வளர்க்கறவங்க சங்கத்துல சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைக்கு ஒருத்தன் கணைநாய் வாங்கமாட்டான். வளர்க்கறவனும் விட்டுடுவான். நீ காப்பாத்தறேன்னு நினைச்சு மொத்தத்தையும் குழிதோண்டிப் புதைக்கப் போற. நாம ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா போதும்."

"நான் எட்டு வருஷம் மூடித்தான் வெச்சிருந்தேன். அதனால ஒண்ணும் காப்பாத்தல."

"உன் மருமக படிச்சிருக்கா. உன்னை ஆட்டிவைக்கிறா."

"அவ படிச்சது போகட்டும். உன் நாயையும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டு."

"என் நாய் என் கட்டில்ல படுக்குது. அதோட நெஞ்சு எனக்குத் தெரியாதா." அவர் போய்விட்டார். முதலாளியோடு அப்புறம் நெடுநாள் பேசவில்லை. ஆனால் அவர் நாயை அதற்குப் பிறகு மைதானத்தில் அவிழ்த்துவிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் கயிற்றில்தான்.

இருபத்திமூன்று குட்டிகளும் பத்தொன்பது வீடுகளுக்குப் போயிருந்தன. போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றான் மகன். முதலாளி சம்மதிக்கவில்லை. "குட்டி குடுக்கறப்ப வீட்டுக்குப் போய்ப் பார்த்து, படுக்கற இடம் பார்த்து, ஆளைப் பார்த்துக் குடுத்தேன். இதை மட்டும் போன்ல சொல்வேனா." ஆக, தினமும் ரொட்டி போட்டு முடித்ததும் அதே வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மருமகளுக்கு லீவு கிடைத்த நாட்களில் அவளும் வந்தாள். எந்த டாக்டர், என்ன பரிசோதனை, என்ன மருந்து என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள்.

எல்லா வீட்டிலும் அவர் ஒரே மாதிரி சொன்னார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். "நான் குடுத்த குட்டியோட வழியில நெஞ்சுக் கோளாறு இருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும். உங்ககிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட காட்டுங்க. காட்டறவரைக்கும் ஓடவிடாதீங்க." இவ்வளவுதான். சுற்றி வளைப்பது கிடையாது.

ஒரு மில் மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திவைத்துக் கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. முதலாளி அவர் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, நாய் உள்ளே எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒரு வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் வாத்தியார்கள். அந்த அம்மா நாயைக் கட்டிக்கொண்டு அழுதார், அது அவர் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தையல்காரர் மிஷினை நிறுத்தாமலே சொன்னார், "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். இனி அது குதிக்கறப்பல்லாம் எனக்குத் தையல் கோணும்." அடுத்த வீட்டுக்குப் போகும்போது முதலாளி அதைப் பற்றித்தான் பேசினார். "அவர் சொல்றதும் சரிதான்," என்றார். "தெரியாம இருக்கறது ஒரு சுகம். அதை நான் எடுத்துட்டேன்."

"திரும்பிப் போயிடலாமாண்ணே?" என்றேன்.

"வண்டியை ஓட்டு."

மூன்று வீடுகளில் நாய் ஏற்கெனவே செத்திருந்தது. இரண்டு வீட்டில் நோயால். மூன்றாவது வீடுதான் தபால்காரம்மாவுடையது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. தனியாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெண் குட்டியை அவருக்குக் கொடுத்திருந்தார் முதலாளி. புத்தகத்தில் அது உயிரோடு இருந்தது. நாங்கள் போனபோது அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்தார், மறுபடியும் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"வாங்க," என்றார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை முதலாளி பக்கம் நகர்த்தினார்.

முதலாளி உட்காரவில்லை. வழக்கமாகச் சொல்வதை ஆரம்பித்தார். "நான் குடுத்த குட்டியோட வழியில..."

"அது இல்லைங்க," என்றார் தபால்காரம்மா. "செத்துப்போச்சு. மூணு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். எனக்கு முகம் இல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மருமகளைப் பார்த்தேன்.

"எப்படிம்மா?" என்று மருமகள்தான் கேட்டாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மனப்பாடம் செய்ததைப்போலச் சொன்னார். பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை. காலையில ஒரு முட்டை குடுத்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் ஓடவிடாதீங்கன்னு இவர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார், வயிறு முறுக்கிக்கும்னு. நான் ஒரு மணி நேரம்தான் விட்டேன். ஒரு முட்டைதானேன்னு நினைச்சேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டல்ல கூட்டிட்டுப் போனேன். முயல் ஒண்ணு கிளம்புச்சு. இவ போனா. அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்ல. பிடிக்கல, திரும்பி வந்தா. எனக்கு முன்னால, இதோ இந்தக் கதவு தூரத்துல, நடந்து வர்ற மாதிரியே வந்தவ முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தா. அவ்வளவுதான். நான் பக்கத்துல போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒரு முட்டைக்காக ஒரு உயிரைக் கொன்னேன். சொல்லிச் சொல்லிக் குடுத்தவர்கிட்ட வந்து எப்படிச் சொல்றது? உங்க ரொட்டி வண்டியைப் பார்த்தா நான் சந்து மாறிப் போயிடுவேன்."

முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வீட்டில் அவர் உட்கார்ந்தது அங்கே மட்டும்தான்.

"முட்டை இல்லம்மா," என்றார்.

"என்னது?"

"முட்டையால இல்ல. வயிறு முறுக்கினா அப்படிச் சாகாது. வயிறு உப்பும், துடிக்கும், நேரம் எடுக்கும். நடந்து வந்து உட்கார்ந்து போயிட்டான்னா அது நெஞ்சு. அவ அப்பன் வழியில வந்தது. நீங்க முட்டையே குடுக்காம இருந்தாலும், முயல் கிளம்பாம இருந்தாலும், அன்னிக்கு இல்லைன்னா இன்னொரு நாள். எனக்குத் தெரியும். குட்டியை உங்க கையில குடுக்கறப்பவே தெரியும். நான் சொல்லல."

தபால்காரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கத்துவார் என்று நினைத்தேன். மேஸ்திரியைவிட இவருக்குக் கத்த உரிமை அதிகம். அவர் கையிலிருந்த துணியை விரித்தார். மடித்தார். மறுபடி விரித்தார்.

"மூணு வருஷம்," என்றார். "மூணு வருஷமா நான் முட்டையே வாங்கல."

அப்புறம்தான் அழுதார். வெகுநேரம் அழுதார். மருமகள் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. முதலாளி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டாரா என்றால், கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தாலும் அந்த அழுகையில் காதில் விழுந்திருக்காது. அழுது முடித்தவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து டீ போட்டார். மூன்று டம்ளர்தான் இருந்தது. அவர் கிண்ணத்தில் குடித்தார்.

"உங்க மேல கோபம் வருதுங்க," என்றார் குடித்துக்கொண்டே. "இல்லாம இல்ல. நாளைக்கு இன்னும் அதிகமா வரும். ஆனா இன்னிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியுது. ரெண்டும் சேர்ந்து வருது, என்ன பண்றது."

"வரட்டும்மா," என்றார் முதலாளி. "வந்து திட்டுங்க. கடை காலையிலேருந்து திறந்துதான் இருக்கு."

பேச்சு அப்புறம் நாய்களைப் பற்றித் திரும்பியது. வில்லுவுக்கு இருப்பதை மருமகள் சொன்னாள். மருந்து கொடுக்கிறோம், கேட்கிறது. ஆனால் முற்றத்தில் மற்ற மூன்றும் ஓடிப் பிடித்து விளையாடினால் இதுவும் எழுந்துவிடுகிறது. பிரித்துக் கட்டினால் சாப்பிட மாட்டேன் என்கிறது. தனியாக, அமைதியாக ஒரு இடம் வேண்டும், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்றாள். அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் தபால்காரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நடக்கலாமா அது?"

"நடக்கலாம். எவ்வளவு வேணா நடக்கலாம். ஓடத்தான் கூடாது."

"எனக்குக் குடுப்பீங்களா?"

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "அதுவும் ஒரு நாள் போயிடும்மா," என்றார் மெதுவாக. "மருந்து குடுத்தாலும். உங்ககிட்ட இன்னொரு தடவை..."

"தெரிஞ்சே வாங்கறேன்ல. அது வேற."

"ஓடறது அதோட பிறவிக்குணம். ஒரு நாளைக்கு நூறு தடவை இழுக்கும். கயிறைக் கொஞ்சம் விட்டாக்கூடப் போச்சு. உங்களால பிடிச்சுக்க முடியுமா?"

"இருபத்தெட்டு வருஷம் நடந்தே தபால் குடுத்தவ நான்," என்றார் தபால்காரம்மா. "ஓட எனக்குத் தெரியவே தெரியாது."

முதலாளி சிரித்தார். அந்த இரண்டு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

சங்கத்துக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னதும், அங்கே பாதிப்பேர் எழுந்து போனதும், வேறொரு ஓட்டநாயின் ரத்தத்தைக் கலந்தால்தான் இனம் தேறும் என்று டாக்டர் சொன்னதும், கலந்தால் அது கணைநாயே இல்லை என்று இன்னும் சண்டை நடப்பதும் தனிக் கதை. சாம்பிக்கு இன்னும் குட்டி இல்லை. குட்டி கேட்டு வெளியூர்க் கார்கள் வருவது குறைந்துவிட்டது. முதலாளியம்மா முற்றம் பெரிதாக இருக்கிறது என்கிறார். குறை சொல்லும் குரலில்தான் சொல்கிறார், எதைக் குறை சொல்கிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

தபால்காரம்மாவை என் பாதையில் இப்போது வாரத்துக்கு நான்கு நாளாவது பார்க்கிறேன். ஏழரை மணிக்கு மரக்கடைத் தெருவில், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு எதிரே. தோளில் பை இல்லை, மற்றபடி தபால் கொடுக்கப் போகிறவர் நடைதான். வலது கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார். வில்லு பக்கத்திலேயே நடக்கும். முதலாளியம்மா தைத்துக் கொடுத்த சட்டை ஒன்று அதன் முதுகில்.

போன வாரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அவர்கள் இருவரும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். ரயில் போனதும் அந்தப் பக்கப் பொட்டலில் ஏதோ ஒன்று புதரிலிருந்து கிளம்பி ஓடியது. முயலாக இருக்கும். வில்லுவின் தலை நிமிர்ந்தது. காது பின்னால் படிந்தது. உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். கயிறு விறைத்தது. கேட் திறந்தது, பின்னால் இருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான், சைக்கிள்காரர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தபால்காரம்மா இழுக்கவில்லை, அதட்டவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, அது பார்க்கிற திசையையே தானும் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடியது கண்ணிலிருந்து மறைந்தது. அதற்குப் பிறகும் வில்லு பார்த்துக்கொண்டே இருந்தது. அது பார்த்து முடிக்கும்வரை அவர் நின்றார்.

பிறகு இரண்டு பேரும் நடந்து கேட்டைக் கடந்தார்கள்.